டேப்பின் நுனி

ஏழாம் காட்சியைப் பதினொரு தடவை மாற்றினோம். என் நோட்டில் அது 7அ என்று தொடங்கி 7ஔ வரை போயிருக்கிறது. இன்னும் ஒரு தடவை மாற்றியிருந்தால் மெய்யெழுத்துக்குத் தாவியிருக்க வேண்டும்.

காட்சி சின்னதுதான். ஒரு அண்ணன், ஒரு தங்கை. பெற்றோர் பிரிகிறார்கள்; வீடு காலியாகிறது. கடைசி அட்டைப்பெட்டியை இருவரும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவோடும் அவனோடும் தான் போகப்போவதில்லை, அம்மாவோடு தங்கிவிடப் போவதாக அவள் அவனிடம் சொல்ல வேண்டும். அவ்வளவே. ஐந்து நிமிடம்கூட வராது. நாற்பது நிமிட நாடகத்தின் மற்றப் பகுதிகளெல்லாம் ஒரு மாதத்தில் ஒருவாறு உருவாகிவிட்டன. இது மட்டும் எங்கள் உயிரை எடுத்தது.

எங்களிடம் நாடகப் பிரதி கிடையாது. ஒன்பது மாணவர்கள், 'வீட்டைக் காலி செய்தல்' என்று ஒரு வரி, அதை வைத்துக்கொண்டு தொடங்கினோம். ஒவ்வொருவரும் தாங்கள் விட்டுவந்த வீட்டிலிருந்து ஒரு பொருளின் கதையைக் கொண்டுவந்தோம். அதை நடித்துப் பார்த்தோம். தேறியதைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். தேறாததையும் ஒட்டினோம், எதைக் கழிப்பது என்பதில் ஒன்பது பேருக்கும் ஒத்துப்போனதே இல்லை.

இந்த வழி எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஜோன் லிட்டில்வுட்டின் குழு 1963-இல் லண்டனில் முதல் உலகப்போரைப் பற்றிய நாடகத்தை, படைவீரர்கள் பாடிய பாடல்களையும் போர்க்கால ஆவணங்களையும் வைத்துக்கொண்டு ஒத்திகை அறையிலேயே உருவாக்கியது. ழாக் லெகோக் 1956-இல் பாரிஸில் தொடங்கிய பள்ளியில், மாணவர்கள் ஆசிரியர் இல்லாமல் தாங்களே ஒரு காட்சியை உருவாக்கி ஆசிரியர்கள் முன் காட்டுவது பாடத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. படித்தபோது எனக்கு அந்த மாணவர்கள்மேல் பரிதாபம்தான் வந்தது. ஆசிரியர் இல்லாத அறையில் நாடகத்தைவிட வாதம்தான் அதிகம் உருவாகும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

நான் வெளியே உட்கார்ந்து பார்க்கும் ஆள். 'இயக்குநர்' என்ற சொல்லை எங்களில் யாரும் விரும்பவில்லை. நடிக்க வராது என்று முதல் வாரத்திலேயே தெளிவாகிவிட்டதால் நாற்காலியும் நோட்டும் எனக்கு வந்தன. பின்னால் வெளிச்சப் பலகையும் வந்தது.

அந்தக் காட்சி முதன்முதலில் மூன்றாம் நாள் பயிற்சியில் பிறந்தது. வசனம் எதுவும் இல்லை. இருவருக்கும் தனித்தனியாக, மற்றவர் காதில் விழாதபடி, ஆளுக்கொரு குறிப்பு கொடுத்தேன். அவனுக்கு: பெட்டியை மூடி டேப் ஒட்டி முடி. அவளுக்கு: நீ வரப்போவதில்லை என்பதைப் பெட்டி மூடுவதற்குள் சொல்லிவிடு.

அவன் டேப் சுருளை எடுத்தான். நிறமில்லாத, அகலமான டேப். நுனி சுருளோடு ஒட்டிக் கிடந்தது. கட்டைவிரல் நகத்தை அதன்மேல் வைத்துச் சுருளை மெல்லத் திருப்பினான். ஒரு சுற்று முடிந்தது, ஒன்றும் தட்டுப்படவில்லை. எதிர்ப்பக்கமாகத் திருப்பினான். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். ஏதோ சொரசொரப்புத் தட்டவே நகத்தால் கிளறினான். டேப் முழு அகலத்துக்கு வராமல் ஓரத்தில் மெல்லிய நாராகக் கிழிந்து வந்தது. அதை விரலிலிருந்து உதறினான். அது அடுத்த விரலில் ஒட்டிக்கொண்டது. பிதுங்கி நிற்கும் பெட்டியின் மூடியை முழங்கையால் அமுக்கிப் பிடித்தபடியே இத்தனையும்.

தங்கை முதலில் காத்திருந்தாள். "கொடு, நான் பார்க்கிறேன்" என்றாள். "வந்துவிட்டது" என்றான். வரவில்லை. அவள் அவனுடைய குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த விளக்குக்கானது என்று வீட்டில் யாருக்கும் கடைசிவரை தெரியாமலே போன ஒரு சுவிட்சைப் பற்றி ஏதோ பேசினாள். பிறகு, அதே குரலில், "அண்ணா, அந்தப் பெட்டியில் என் துணி எதையும் வைக்கவில்லை" என்றாள்.

நகம் நின்றது. மறுபடி ஊரத் தொடங்கியது. "தெரியும்" என்றான், தலையைத் தூக்காமல். நுனி அப்போதுதான் அகப்பட்டது. டேப் பிரியும் அந்த நீண்ட கரகரப்பு ஒத்திகை அறையை இரண்டாகக் கிழித்ததுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் குழுவில் அது அபூர்வம்.

அன்று இரவே நான் ஒரு தவறு செய்தேன். கைப்பேசியில் ஒருவர் அதைப் படம் பிடித்திருந்தார். அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு, பேசிய ஒவ்வொரு சொல்லையும் 'ம்' உட்பட எழுதியெடுத்தேன். பிரிட்டிஷ் இயக்குநர் மைக் லீ இப்படித்தான் செய்வார் என்று எங்கோ படித்த நினைவு. அவர் மாதக்கணக்கில் நடிகர்களோடு உட்கார்ந்து, பாத்திரங்களை வளர்த்து, நடிக்கவைத்துப் பார்த்து, அதற்குப் பிறகே வசனத்தை முடிவு செய்கிறவர். நான் மாதக்கணக்கை விட்டுவிட்டு, முடிவு செய்வதை மட்டும் எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஒன்றரைப் பக்கம் தட்டச்சு செய்து நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். அதுதான் 7அ.

நடிகர்கள் இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்கள். நடித்தார்கள். காட்சி செத்துக் கிடந்தது.

ஒரு காட்சி செத்துப்போனால் குழுவில் இருக்கும் எல்லோரும் மருத்துவர் ஆகிவிடுகிறார்கள். உணர்ச்சி போதவில்லை என்றார் ஒருவர்; தங்கை அழுதாள் (7இ). உணர்ச்சி அதிகம் என்றார் இன்னொருவர். இருவரும் கல்லாக நின்றார்கள் (7ஈ). பின்னணியில் இசை சேர்த்தோம், எடுத்தோம். அண்ணனைத் தங்கையாகவும் தங்கையை அண்ணனாகவும் மாற்றிப் பார்த்தோம். பெட்டியே இல்லாமல் இருவரையும் எதிரெதிரே நாற்காலியில் உட்காரவைத்த பதிப்பு ஒன்று இருக்கிறது. அது நேர்முகத் தேர்வுபோல் இருந்தது. 7ஏ-வில் தங்கைக்கு ஒரு நீண்ட பேச்சு சேர்ந்தது. வீடு என்றால் என்ன, உறவு என்றால் என்ன என்றெல்லாம். எழுதிய தோழி நல்ல எழுத்தாளர். பேச்சும் நன்றாக இருந்தது. வாசித்தவுடன் எல்லோரும் கைதட்டினோம். அதை யாரும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள் என்று கண்டுகொள்ள எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. அதை வெட்டிய அன்று அந்தத் தோழி பையை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். திரும்பி வந்து, "சரி, அடுத்தது" என்றார். கூட்டாக நாடகம் செய்வதில் எனக்கு மிகவும் கடினமான கட்டம் அதுதான்: ஒருவர் உள்ளத்திலிருந்து கொண்டுவந்த நல்ல பொருளை, நாடகத்துக்கு ஆகாது என்று அவர் முகத்துக்கு நேரே எடுத்து ஓரமாக வைப்பது. அவருடைய பேச்சை இன்னும் என் நோட்டில் வைத்திருக்கிறேன்.

பேசிப் பேசி அலுத்துப்போய் இடையில் ஒரு விதி போட்டோம். யோசனை சொல்கிறவர் எழுந்து அதை நடித்துக் காட்ட வேண்டும். உட்கார்ந்தபடி சொல்லும் யோசனைக்கு மதிப்பில்லை. அன்றே யோசனைகள் பாதியாகக் குறைந்தன.

விடை ஒரு காய்ச்சலின் வடிவில் வந்தது. அரங்கப் பொருட்களைக் கவனித்துக்கொண்ட தோழிக்குக் காய்ச்சல், இரண்டு நாள் வரவில்லை. அவர் எங்கள் குழுவிலேயே மிக ஒழுங்கான ஆள். பெட்டி, கத்தரிக்கோல், டேப் எல்லாம் தினமும் சொன்ன இடத்தில் இருக்கும். அன்று அவற்றை எடுத்துவைக்க ஆள் இல்லை. யாரோ அவசரமாக ஒரு புதுச் சுருளை மேசையில் வைத்தார்கள். 7ஓ-வை ஓட்டிக்கொண்டிருந்தோம். அண்ணன் சுருளைக் கையில் எடுத்தான். நுனி கிடைக்கவில்லை.

அவனுக்கு எரிச்சல் வந்தது. வசனத்தை விட்டுவிட்டான். நகத்தை வைத்துத் திருப்பினான். தங்கைக்கு அடுத்த வரி அவன் டேப்பை ஒட்டிய பிறகுதான் வர வேண்டும், அவள் நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவனைப் பார்த்தாள். பிறகு சும்மா எதையோ சொன்னாள், சத்தமே இல்லாமல், அவன் தலை உச்சியைப் பார்த்து. எனக்கு முதுகு சில்லிட்டது. காட்சி எழுந்து உட்கார்ந்துவிட்டது.

ஓட்டம் முடிந்ததும் பழைய பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தோம், இந்தத் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு. நுனி தேடும் பகுதி மட்டும் ஐம்பத்திரண்டு நொடி. என் ஒன்றரைப் பக்கத் தாளில் அந்த ஐம்பத்திரண்டு நொடிக்கு நான் எழுதியிருந்தது அடைப்புக்குறிக்குள் இரண்டு சொல்: 'டேப் ஒட்டுகிறான்'.

காய்ச்சல் தீர்ந்து வந்த தோழியிடம் கேட்டபோதுதான் மீதி தெரிந்தது. காட்சி பிறந்த அன்று அவன் நுனி கிடைக்காமல் திண்டாடியதை அவர் பார்த்திருக்கிறார். பாவம் என்று, மறுநாளிலிருந்து ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்னும் நுனியைச் சுண்டுவிரல் நகத்தளவு மடித்து வைத்திருக்கிறார். எடுத்தவுடன் இழுக்கலாம். அந்தச் சின்ன மடிப்பில் எங்கள் காட்சி முழுவதும் செத்துப்போயிருந்தது. நாங்கள் வசனத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தோம்.

அவள் அதைச் சொல்ல முடிந்ததே அவன் கை வேலையாக இருந்ததால்தான். அவன் நிமிர்ந்து முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். அவனும், குனிந்திருந்ததால்தான் 'தெரியும்' என்று சொல்ல முடிந்தது. நம் வீடுகளில் பெரிய செய்திகளெல்லாம் யாராவது எதையாவது மடித்துக்கொண்டோ, துடைத்துக்கொண்டோ, தேடிக்கொண்டோ இருக்கும்போதுதானே சொல்லப்படுகின்றன?

இதை நான் முன்பே படித்திருந்தேன் என்பதுதான் வெட்கம். நியூயார்க்கில் 1935 முதல் பல பத்தாண்டுகள் நடிப்புக் கற்பித்த சான்ஃபோர்ட் மைஸ்னரின் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு நடிகருக்கு உண்மையிலேயே கடினமான கைவேலை ஒன்று வேண்டும், அதை இப்போதே முடித்தாக வேண்டிய காரணமும் வேண்டும். அவர் அதில் மூழ்கியிருக்கும்போது இன்னொருவர் வந்து கதவைத் தட்டுவார். வேலை கடினம்போல் நடிப்பது செல்லாது. கடினமாகவே இருக்க வேண்டும். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் 1938-இல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில், உணர்ச்சியை நேராகத் துரத்தாமல், பாத்திரம் உடலால் செய்யும் செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போகும் முறைக்குத்தான் வந்து சேர்ந்தார். இரண்டையும் தேர்வுக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

சரி, மடிப்பை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தோம். போதவில்லை. நான்காம் ஓட்டத்திலேயே அண்ணன் தேடுவதை நடிக்கத் தொடங்கிவிட்டான். நிஜமாகத் தேடுகிறவன் கண் எங்கும் போகாது. எல்லாம் நகத்தில் இருக்கும். இவனோ புருவத்தைச் சுருக்கினான், பெருமூச்சு விட்டான், நடுநடுவே அவள் வசனம் எங்கே வந்திருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தான். நடிக்கப்படும் தேடலை மூன்று நொடியில் கண்டுபிடித்துவிடுவேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். எங்களில் அதிகம் படித்தவர், "நடிகன் நடிப்பதில் என்ன குற்றம்?" என்று கேட்டு, திதெரோவைக் கொண்டுவந்தார். 1770-களில் அந்தப் பிரெஞ்சு அறிஞர் எழுதி, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1830-இல் வெளியான உரையாடல் ஒன்றில், பெரிய நடிகர் மேடையில் எதையும் உணர்வதில்லை, உணர்வின் வெளி அடையாளங்களைக் குளிர்ந்த தலையோடு செய்துகாட்டுகிறார் என்று வாதிடுகிறார். நான் அதை ஒரே வரியில் தள்ளிவிட்டேன். எங்களுக்கு மாணவ நடிகர்கள்தான் இருக்கிறார்கள், பெரிய நடிகர்கள் இல்லை என்றேன். அண்ணனாக நடித்தவன் அறையில்தான் இருந்தான்.

அதனால் 7ஔ-வை ஒரு விளையாட்டுபோல் அமைத்தோம். நுனியை அவன் அறியக் கூடாது. பொருள் கவனிக்கும் தோழி காட்சிக்குச் சற்று முன் நுனியை அழுத்தித் தேய்த்து, சுருளை நாலு சுற்றுச் சுற்றி வைப்பார். இரண்டு வகை டேப் வாங்கிப் பார்த்தோம். பழுப்பு டேப்பில் நுனி கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. நிறமில்லாததில் நகத்துக்கு மட்டும்தான் தெரியும். பிரியும்போது அதன் சத்தமும் கடைசி வரிசைவரை கேட்டது. தங்கைக்கு மனப்பாட வசனம் கிடையாது. சுவிட்ச், சுவரில் மிஞ்சிய ஆணி, பக்கத்து வீட்டு நாய் என்று ஆறு பேச்சுத் துண்டுகள் அவளிடம் இருக்கும். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒன்றாவது பேசிய பிறகே துணியைப் பற்றிய வரி. நுனி கிடைத்த கணமே அவன் இழுத்து ஒட்டிவிட வேண்டும். அவளுக்காகக் காத்திருக்கக் கூடாது. அவள் அதற்குள் சொல்லியிருக்காவிட்டால், மூடிய பெட்டியை வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்து, எப்படிச் சொல்வாளோ சொல்ல வேண்டியதுதான்.

இதில் அதிகம் அவதிப்பட்டவன் ஒலி போடும் பையன். அதுவரை 'தெரியும்' என்ற சொல்தான் அவனுக்கு அடையாளம். லாரி வரும் சத்தத்தை அதில் தொடங்குவான். இப்போது அந்தச் சொல் வருமா, வராதா, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டேப் பெட்டியில் ஒட்டி அறுபடும் சத்தத்தில் தொடங்கு என்று மாற்றினோம். "அறுபடவில்லை என்றால்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கத்தரிக்கோலை மேசையில் நூல்கட்டி வைத்தோம்.

மூன்று நாள் நிகழ்ச்சி. நாளுக்கு ஒரு புதுப் பெட்டி.

முதல் நாள் எட்டு நொடியில் நுனி கிடைத்துவிட்டது. அவள் ஆணியைப் பற்றிப் பாதி வாக்கியம்தான் சொல்லியிருந்தாள். அவன் விதிப்படி இழுத்து ஒட்டினான். பெட்டி மூடிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நின்ற அந்த மௌனத்தில் நான் நகத்தைக் கடித்துத் துப்பிவிட்டேன். "நான் வரவில்லை, அண்ணா" என்றாள் கடைசியில், பொட்டென்று. நாங்கள் எங்கேயும் எழுதாத வரி. இரண்டாம் நாள் இரண்டு நிமிடம் ஆகியும் கிடைக்கவில்லை. பார்வையாளர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆறு துண்டுகளும் தீர்ந்து அவள் நாய்க்கே திரும்பி வந்தாள். துணி வரி வந்தபோது சிரிப்பு நடுவில் அறுந்தது.

மூன்றாம் நாள்தான் சரியாக வந்தது. சுருள் மெல்லச் சுற்றியது, அவள் சுவிட்சைப் பற்றிப் பேசினாள், துணி வரி, நின்ற நகம், 'தெரியும்', கரகரப்பு. மூன்றாம் நாள் பயிற்சியில் பார்த்த அதே காட்சி, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல். இதற்குத்தான் இத்தனை விதியும் என்று வெளிச்சப் பலகைக்குப் பின்னால் எனக்குக் கண் கலங்கியது. எவ்வளவு உண்மையான தேடல் என்று நோட்டிலும் எழுதிவைத்தேன்.

மேடையை ஒழித்துக்கட்டும்போது மூன்று பெட்டிகளையும் பிரித்துத் தட்டையாக்கும் வேலை எனக்கு வந்தது. முதல் இரண்டிலும் டேப் தொடங்கும் இடம் கோணலாக, நகக் கீறலோடு, ஓரம் நாராகக் கிழிந்து ஒட்டியிருந்தது. சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. மூன்றாவது பெட்டியில் நுனி ஒட்டாமல் மேலே துருத்திக்கொண்டு நின்றது. சுண்டுவிரல் நகத்தளவு, நேராக, அழகாக மடித்த மடிப்பு.

அறையின் அந்தப் பக்கம் அண்ணனாக நடித்தவன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் அந்த மடிப்பைப் பிடித்து இழுத்தேன். டேப் ஒரே இழுப்பில் வந்துவிட்டது.